திட்ட விலக்கமும் வாங்கிய திட்டுகளும்

புள்ளியியல் கட்டுரைகளுக்குப் புரூஃப் பார்க்கும் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: ஒழுங்காகச் செய்தால் நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு இடத்தில் கோட்டை விட்டால் எல்லோருக்கும் உங்கள் பெயர் மனப்பாடமாகிவிடும்.

நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். படித்து முடித்த கையோடு ஏதோ பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து, நாட்டில் பெய்யும் மழையையும் விளையும் நெல்லையும் கணக்குப் போடப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கிடைத்தது செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில், வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் ஒரு அலுவலகம். கோபர்கைரனேயில் ஏறி, வாஷியில் மாறி, செம்பூரில் இறங்குவேன். சனிக்கிழமைகளில் மாட்டுங்காவில் தீசிஸ் டைப் செய்து பைண்ட் பண்ணிக் கொடுக்கும் ஒரு கடைக்கும் போவேன். இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான். எந்த எழுத்து சாய்ந்து நிற்க வேண்டும், எது நேராக நிற்க வேண்டும், எங்கே கிரேக்க எழுத்து வர வேண்டும், எந்த எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும் வேலை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால், உங்கள் கண்ணாடியின் பவரைச் சொல்லுங்கள், எத்தனை வருஷ சர்வீஸ் என்று நான் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களும் கேட்கலாம். அடுத்தவர் செய்த தப்புக்கு நாம் திட்டு வாங்குவது எல்லாத் தொழிலிலும் நடக்கிறதுதானே.

ஒரு எஸ் குறைந்தால்

எப்போதாவது நடக்கிற சங்கதிகளை எண்ணுவதற்குப் புள்ளியியலில் ஒரு பரவல் இருக்கிறது. ஒரு மாதத்தில் ஒரு சந்தியில் எத்தனை விபத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை போன் என்ற மாதிரிக் கணக்குக்கெல்லாம் அதைத்தான் எடுப்பார்கள். அதன் பெயர் பாய்ஸான் பரவல். பிரெஞ்சுப் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் இரண்டு எஸ் வரும். ஒரு எஸ்ஸை விட்டுவிட்டால் அது பாய்சன். அதாவது விஷம்.

மாட்டுங்கா கடைக்கு செல்வின் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்தார். தாராவிக்காரர், வீட்டில் அவர்தான் முதல் பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு மாதத்தில் எத்தனை தடவை வயிற்றுக் கோளாறு வருகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. தீசிஸ் முழுக்க ஒற்றை எஸ். 'இப்பள்ளிகளின் மதிய உணவுப் புள்ளிவிவரம் விஷப் பரவலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது' என்று ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லி, ஒவ்வொரு இடமாகத் தேடி ஒரு எஸ் சேர்த்துக் கொடுத்தேன். நன்றாகத் தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து பைண்ட் செய்த புத்தகத்தோடு திரும்பி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "எந்தப் பள்ளியில் விஷம் வைத்தார்கள், போலீஸில் சொன்னீர்களா இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்திருக்கிறார். செல்வினின் அம்மா அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். நான் சேர்த்த எஸ் ஒன்றுகூட இல்லை. பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் கடைசியாக ஒரு தடவை ஸ்பெல்லிங் செக் ஓட்டியிருக்கிறார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் நான் திருத்திய எல்லாவற்றையும் திரும்பவும் விஷமாக்கிவிட்டது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேடம், கம்ப்யூட்டர் ஒங்க ஸ்பெல்லிங்குக்குத்தான் செவப்புக் கோடு போட்டுச்சு. என்னோடதுக்குப் போடவே இல்லையே!"

விழுந்து கிடந்த ஆறு

அந்தக் கடையில் டைப் அடித்தவர் அருளப்பன் அண்ணன். தேவ்நாரிலிருந்து வருவார். ஏதோ கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பார்த்ததைப் பார்த்தபடி அடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு தடவை சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய ஒரு தீசிஸ் முழுக்க '6 = 4.2', '6 = 3.8' என்று வந்தது. ஆறு எப்படி நான்கு புள்ளி இரண்டாகும்? மாணவி பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். சிக்மா! வட்டம் போட்டு மேலே ஒரு வால் இழுத்த கிரேக்க எழுத்து. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் குறிக்கப் போடுவது. அண்ணன் அவை எல்லாவற்றையும் ஆறாக மாற்றியிருக்கிறார். இருநூறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நிஜமான ஆறும் இருக்கிறது, சிக்மாவாக இருந்த ஆறும் இருக்கிறது. எது எது என்று பிரிக்க எனக்கு நான்கு சனிக்கிழமை ஆயிற்று. ஏன் அண்ணே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு உதவி செய்தவரின் திருப்தியோடு சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு எழுதத் தெரியலம்மா, ஆறெல்லாம் படுத்துக் கெடந்துச்சு. நான்தான் ஒண்ணொண்ணா தூக்கி நிறுத்தினேன்."

லண்டன் வழக்கம்

செம்பூர் அலுவலக முதலாளி காம்ப்ளே சார். மராத்திக்காரர்தான், ஆனால் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் மருத்துவக் கட்டுரைகள். அவற்றில் p என்று ஒரு எழுத்து வரும். மருந்தில் ஒரு சரக்கும் இல்லாவிட்டால்கூட, வெறும் தற்செயலாகவே இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. அது 0.05 அல்லது அதற்குக் கீழே இருந்தால் டாக்டர்கள் கைதட்டுவார்கள். 'சிறியது அல்லது சமம்' என்ற குறியைப் போட்டு அதை எழுதுவது வழக்கம்.

ஒரு நாள் அச்சாகி வந்த இதழைப் புரட்டினேன். ஒரு கட்டுரையில் அந்தக் குறி இருந்த இடத்திலெல்லாம் பவுண்டு அடையாளம். p, பவுண்டு, 0.05. அட்டவணைக்கு அட்டவணை பவுண்டு. ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இந்தக் குறி பவுண்டாகிவிடும் என்று நான் எல்லோருக்கும் பல தடவை சொல்லி, சுவரிலும் ஒட்டி வைத்திருந்தேன். கடைசிப் புரூஃபில் சிவப்பு மசியால் வட்டம் போட்டும் அனுப்பியிருந்தேன். வட்டம் போட்ட தாளைத் தேடி எடுத்துக்கொண்டு காம்ப்ளே சாரின் அறைக்குப் போனேன். அந்தக் கட்டுரை குழந்தைகளின் காய்ச்சல் மருந்து பற்றியது. படித்துவிட்டு யாராவது ஒரு டாக்டர் குழம்பினால் என்ன ஆவது என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார், இதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வட்டங்களைத் தான்தான் நீக்கச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை இன்றைக்கும் ரயிலில் நினைத்துக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டும்.

"லண்டன் பத்திரிகைதானே சுகந்தி, அவங்க ஊர்ல பவுண்டுலதான் போடுவாங்கன்னு நெனச்சேன்."

ஸ்பெல்லிங் மாதிரி ஒரு நம்பர்

முழங்கால் வலிக்கு ஒரு புதுவித உடற்பயிற்சி. அதைப் பற்றி மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்த ஒரு பிசியோதெரபிஸ்ட், டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்து என்னிடம் புரூஃப் கொடுத்தார். நல்ல மனிதர். பெயர் வேண்டாம். இரண்டு வருஷம் கிழவர் கிழவிகளின் முழங்காலைப் பிடித்து மடக்கி நீட்டி அளந்திருக்கிறார். மனைவி நிறைமாதம். தீசிஸ் ஒப்புக்கொள்ளப்பட்டால்தான் வேலை நிரந்தரம். அவருடைய பயிற்சி பலன் தந்ததா என்று சொல்ல வேண்டிய அந்த p கடைசியில் 0.051 என்று வந்து நின்றுவிட்டது. ஒரு மயிரிழை.

அவருடைய ஆங்கிலத்தை நான் வரிக்கு வரி செப்பனிட்டுக் கொடுத்திருந்தேன். மீடியனை மீடியம் என்று எழுதியிருந்தார். வேரியன்ஸை வேரியன்ட்ஸ் என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் திருத்தினேன். கடைசி நாள் எதிரில் உட்கார்ந்து, அந்த 0.051-இல் வரும் கடைசி ஒன்றை மட்டும் எடுத்துவிடும்படி மெதுவாகக் கேட்டார். யாராவது கண்டுபிடித்தாலும் டைப்பிங் பிழை என்று நினைத்துக்கொள்வார்களாம். நான் முடியாது என்றேன். 'பலன் இருக்கலாம் போலத் தெரிகிறது, இன்னும் அதிகம் பேரிடம் சோதிக்க வேண்டும்' என்று எழுதுங்கள், அதுவும் மரியாதையான முடிவுதான் என்று எடுத்துச் சொன்னேன். அப்படி எழுதினால் தன் கைடு மேஜையைவிட்டே எழுந்து போய்விடுவார் என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்த மனைவியை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கை போகவில்லை. காகிதக் கட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"மொத்த தீசிஸுலயும் நூறு எடத்துல திருத்தினீங்க மேடம், எனக்கு உபயோகமான ஒரே எடத்துல மாட்டேங்கறீங்களே?"

நடுவில் ஒரு கோடு

மாட்டுங்காவில் அக்ரஹாரத்துச் சுத்தத்தோடு ஒரு பழைய கட்டிடத்தின் முதல் மாடியில் புரொபசர் அனந்தநாராயணன் இருந்தார். பாலக்காட்டுக் குடும்பம். கல்லூரியில் வாழ்நாள் பூராவும் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வாத்தியார் வேலையின் கடைசிக் காரியமாக ஒரு பாடப்புத்தகம் எழுதி, புரூஃபுக்கு என்னை அழைத்தார். உடம்பு சரியில்லை. மூக்கில் பிராணவாயுக் குழாய். இரண்டு விஷயங்கள் சேர்ந்தாற்போல் ஏறி இறங்குவதைச் சொல்லும் 'கோரிலேஷன்' என்ற சொல்லை அவர் புத்தகம் முழுக்க 'கோ' தனியாக, 'ரிலேஷன்' தனியாக, நடுவில் ஒரு சிறு கோடு போட்டு எழுதியிருந்தார். இன்றைக்குப் புள்ளியியலில் யாரும் அப்படி எழுதுவதில்லை. இரண்டு ஆர் போட்டு ஒரே சொல்லாக எழுத வேண்டும். ஒரு அத்தியாயத்தின் தலைப்பே அதுதான்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அகராதியைக் கொண்டுவரச் சொன்னார். மாமி எடுத்து வந்தார். விரலை வைத்துப் படித்தார், பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போர்டுல எழுதினதைப் பார்த்துத்தானே இத்தனை பசங்களும் எழுதினா? அத்தனை பேருக்கும் நான் டிக் போட்டேனே," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. மாமி எனக்குக் காபி கொடுக்கிற சாக்கில் சமையலறைக்கு அழைத்து, "நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும் கேட்டேளா, ஆனா இதை இப்படியே விட்டுடுங்கோ, அவருக்கு இன்னும் எத்தனை நாளோ," என்றார். விட்டுவிட்டேன். அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தெரிந்தே நான் விட்ட ஒரே பிழை அதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது கல் தடுக்கிய மாதிரி இருந்தது.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொடுப்பதற்காக அழைத்தார். குழாயைச் சற்று விலக்கிக்கொண்டு, முகம் மலர, முதல் பக்கத்தைத் தானே திறந்து காட்டினார்.

"முன்னுரையில உங்க பேரைப் போட்டிருக்கேன். ஒரு பிழை இல்லாம பாத்துக் கொடுத்தது சுகந்திதான்னு ஸ்பஷ்டமா எழுதியிருக்கேன்."

சாய் ஸ்கொயர்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மென்பொருள் வந்தது. புரூஃப் பார்க்க ஆளே வேண்டாம், நிமிஷத்தில் திருத்தித் தரும் என்றார்கள். முதல் வாரமே, கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட கை-ஸ்கொயர் சோதனைகள் எல்லாவற்றையும் சாய்-ஸ்கொயர் ஆக்கியது. சாய் என்றால் இந்த ஊரில் டீ என்பது அதற்கும் தெரிந்திருக்கிறது. பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைச் சொல்லும் 'ஸ்க்யூனெஸ்' என்ற சொல்லைத் தோலுரித்த கோழிக்குச் சொல்லும் 'ஸ்கின்லெஸ்' ஆக்கியது. இதயநோய்க் கட்டுரை ஒன்றில் நோயாளிகளின் வயது தோலுரிக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, மூன்று பக்கத்துக்கு அறிக்கையாக எழுதி, காம்ப்ளே சாரிடம் கொடுத்தேன். இனி நான் இல்லாமல் நடக்காது என்று அவருக்குப் புரியும் என்ற நம்பிக்கை எனக்கு.

அறிக்கையை அவர் முழுக்கப் படித்தார். பாராட்டினார். அதை அந்த மென்பொருள் கம்பெனிக்கு அனுப்பி, அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் சரிசெய்ய வைத்தார். அதற்கடுத்த மாதம் என்னையும் சேர்த்து ஆறு பேரை அனுப்பிவிட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் நான் வைத்திருந்த குடையைத் தானே எடுத்துக் கொடுத்தார். மனசு கேட்காமல் லிஃப்ட் வரைக்கும் வந்தார். அந்த மெஷின் இன்னமும் தப்பு பண்ணும் சார் என்று கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"பண்ணட்டும் சுகந்தி. மெஷின் தப்பு பண்ணா க்ளையன்ட் சிரிக்கறான். நீங்க பண்ணா என்னைக் கூப்பிட்டுக் கத்தறான்."

ஏழு பேரில் இரண்டு பேர்

வேலை போன பிறகு ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தமிழ்ப் புரூஃப் பார்த்துக் கொடுத்தேன். தாராவியில் சில சந்துகளுக்கு வீட்டுக்கு வீடு குழாய் போட்டுக் கொடுப்பதற்காக அவர்கள் கணக்கெடுத்திருந்தார்கள். கணக்கெடுத்தால் மட்டும் போதாது, முடிவை மக்களுக்கும் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஹிந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் ஒரு துண்டறிக்கை தயாரானது. தமிழ்ப் பிரதியில் 'ஸ்டேண்டட் டிவிஷன்' என்று ஏதோ இருந்தது. ஸ்டாண்டர்டு டீவியேஷனைத்தான் அப்படிக் கடித்துத் துப்பியிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் பாடப்புத்தகங்களில் அழகான சொல் இருக்கிறதே! அதை அடித்துவிட்டு, 'திட்ட விலக்கம்' என்று எழுதினேன். ஒவ்வொரு வீடும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்லும் சரியான சொல். ஒற்று மிகுமா மிகாதா என்றுகூட இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நிறைய வருஷத்துக்குப் பிறகு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த சந்தோஷத்தோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

அச்சாகி வந்த தாளின் உச்சியில் பெரிய எழுத்தில் 'குழாய்த் தண்ணீர்த் திட்டம்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'ஒரு வீட்டில் உள்ளவர்கள், சராசரி: 5.4'. அதற்கும் கீழே 'திட்ட விலக்கம்: 2.1'. அங்கே இளவயதுக்காரர்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் சந்து முனையில் கடை வைத்திருக்கும் தையல்காரர் செல்லையா எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். ஒரு எழுத்துப் பிசகாமல் படித்திருக்கிறார். கேட்டவர்களுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது: வீட்டுக்கு அஞ்சு பேர், அதில் இரண்டு பேரைத் திட்டத்திலிருந்து விலக்கியாயிற்று.

மூன்றாம் நாள் காலையில் தொண்டு நிறுவனத்திலிருந்து போன் வந்து ஓடினேன். சந்து முழுக்கப் பெண்கள் கூடி நின்றார்கள். எல்லார் கையிலும் அந்தத் தாள். மைதீன் பீவி என்ற பெண்தான் முன்னால் வந்தார். வீட்டிலேயே பர்ஸுக்குத் தோல் தைக்கிறவர். ஊர் கடையநல்லூர்ப் பக்கம். "நீங்கதான் எழுதினீங்களாக்கா? புள்ளி ஒண்ணுன்னா என்னக்கா, கைக்கொழந்தயா?" என்று கேட்டார். நான் தரையில் குந்தி, சாக்பீஸால் வீடு வீடாகப் புள்ளி வைத்து, நடுவில் ஒரு கோடு இழுத்து விளக்கினேன். ஒருவரையும் விலக்கவில்லை, எல்லா வீட்டுக்கும் குழாய் வரும், இது வெறும் கணக்குச் சொல் என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மைதீன் பீவி மட்டும் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் ஏழு பேர். அவர், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், அப்புறம் கணவரை இழந்த நாத்தனார் நூர்ஜஹான், அவள் மகள். அதிகாரிகள் வந்து கேட்கும்போது இரண்டு பேர் கூடுதலாக இருந்தால் மொத்த வீட்டுக்கும் குழாய் இல்லாமல் போய்விடும் என்று பயந்து, முந்தின நாளே நூர்ஜஹானையும் மகளையும் மும்ப்ராவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

அன்றைக்கே சயானில் ரயில் ஏறி அவரோடு மும்ப்ராவுக்குப் போனேன். ஒற்றை அறை. ஏற்கெனவே அங்கே ஆறு பேர். நூர்ஜஹான் கதவோரத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையைப் பிரிக்கக்கூட இல்லை. மகள் பக்கத்தில் வரலாற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை. "ஏ நூரு, அது தப்பா எழுதிட்டாங்களாம்ளா. யாரையும் எடுக்கலியாம். வா, வீட்டுக்குப் போவோம்," என்று மைதீன் பீவி அவள் கையைப் பிடித்தார். நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லில் ஒரு தப்பும் இல்லை என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ பேரின் பிழையைப் பிழை என்று வாதாடித் தோற்றவள் நான். அன்றைக்கு முதல் தடவையாக, சரியாக எழுதிய ஒரு சொல்லைத் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். "ஆமாம்மா, நான்தான் தப்பா எழுதிட்டேன்," என்றேன்.

மகளின் பரீட்சைக்காக அவள் எங்களோடு கிளம்பத்தான் செய்தாள். வந்து அதே வீட்டில்தான் இருக்கிறாள். குழாயும் வந்துவிட்டது. ஆனால் அந்த அறையைவிட்டு எழுந்திருப்பதற்கு முன்னால், மதினியின் பக்கம் திரும்பாமல், என்னிடம் மட்டும் ஒன்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பேப்பர்ல ரெண்டுன்னு நம்பர்தானக்கா போட்டிருந்தீங்க. எங்க பேர அதுல எழுதுனது யாரு?"

காகிதத்தில் இருக்கும் பிழையைத் திருத்த ஒரு சிவப்புப் பேனா போதும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன், வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் திருத்திப் பார்த்தாயிற்று, அந்த நம்பிக்கையைத் தவிர.